முள்ளை முள்ளால் எடுத்த மனிதர்



கொல்லிமலைக்கு வந்திருக்கீங்களா? 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வயித்தைப் பிடிச்சுக்கிட்டே செம்மேட்டுல இறங்கினா வல்வில் ஓரி சிலையைப் பார்க்கலாம். எங்க வீடு அங்கிருந்து கொஞ்சம் உள்ளே. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஊரே அடங்கிடும், சில்வண்டுச் சத்தம் மட்டும்தான். அந்த அமைதியில எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்ல சொருகி ஸ்விட்சைப் போடுங்க. நீங்க ஒரு கம்பியைக்கூடத் தொட்டிருக்க மாட்டீங்க, அதுக்குள்ள 'ம்ம்ம்ம்'னு ஒரு சத்தம் வீடு முழுக்க நிறையும். டிஸ்டார்ஷனைக் கூட்டினா அந்த 'ம்ம்ம்' ஒரு தேனீக்கூடா மாறிடும். ப்ராக்ரெசிவ் மெட்டல் வாசிக்கணும்னு ஆசைப்பட்டவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அந்த இசையோட உயிரே சட்டுனு நிறுத்துறதுலதான் இருக்கு. ஏழு எட்டுல ஒரு ரிஃப் வாசிச்சு கப்புனு நிறுத்தினா அங்கே நிசப்தம் விழணும். எனக்கு விழுந்தது 'ம்ம்ம்'.

பிக்கப் மாத்தினா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க. எந்த பிக்கப்னு தேடப் போன இடத்துலதான் இந்த மனிதரைப் பற்றிப் படிச்சேன். பேர் சேத் லவர். பேரைப் பார்த்துட்டு காதல் கதைன்னு நினைச்சுடாதீங்க. ராக், மெட்டல் கேக்கறவங்க அத்தனை பேர் காதுக்கும் இவர் வேலை போய்ச் சேர்ந்திருக்கு. ஆனா இவர் மேடை ஏறின கலைஞர் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் ஆசாமி. நம்ம ஜாதி.

ரேடியோவில் தொடங்கிய வாழ்க்கை

1910 ஜனவரி 1ஆம் தேதி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமாசூ என்ற ஊரில் பிறந்தார். அதே ஊரில்தான் கிப்சன் கிட்டார் தொழிற்சாலையும் இருந்தது. ஆனால் சேத்தை இழுத்தது கிட்டார் அல்ல, ரேடியோ. அவர் இளைஞராக இருந்த காலத்தில் ரேடியோ என்பது இன்றைக்கு நமக்கு ஏ.ஐ. மாதிரி புதுசு. வால்வு, சுருள், மின்மாற்றி என்று பழுது பார்த்தே கை தேறியவர் அவர்.

1941ல் கிப்சனில் சேர்ந்தார். பார்த்த வேலை ஆம்ப்ளிஃபயர் பக்கம். அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்துவிட, அமெரிக்கக் கடற்படையில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் போனார். போருக்குப் பிறகும் கடற்படை, கிப்சன் என்று கொஞ்ச காலம் மாறி மாறி இருந்துவிட்டு, 1952ல் கிப்சனில் நிலையாக உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயசு 42. 'முப்பதுக்குள்ள எதையாவது சாதிக்கலேன்னா அவ்வளவுதான்'னு ஹாஸ்டல்ல புலம்பற ஆளுங்க இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க.

அந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருது?

சேத் எதிர்கொண்ட சிக்கலைப் புரிஞ்சுக்கணும்னா முதலாம் ஆண்டு இயற்பியலைக் கொஞ்சம் தூசி தட்டணும். பிக்கப் என்பது ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. அவ்வளவுதான். காந்தத்துக்கு மேலே இருக்கிற இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் மாறும். மாறுகிற புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஃபாரடே விதி. அந்தச் சின்ன மின்னழுத்தம்தான் ஆம்ப்புக்குப் போய்ச் சத்தமாகிறது.

சிக்கல் என்னன்னா, அந்தச் சுருளுக்கு எது கிட்டார் கம்பி, எது ட்யூப்லைட் சோக்குன்னு தெரியாது. பக்கத்துல எந்த மின்மாற்றி இருந்தாலும், எந்த மோட்டார் ஓடினாலும் அதோட மாறுமின் புலத்தையும் சேர்த்தே பிடிச்சுக்கும். நம்ம ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும் சேர்ந்துதான் அந்த 'ம்ம்ம்'.

'இதென்ன பெரிய விஷயம், ஃபில்ட்டர் போட்டு 50 ஹெர்ட்ஸை வெட்டிட்டா போச்சு'ன்னு ஈ.சி.ஈ. நண்பர்கள் கையைத் தூக்குவீங்க. இங்கதான் மெட்டல்காரனுக்கு ஆப்பு. ஆறு கம்பி கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். ஏழு கம்பி கிட்டாரில் அது சுமார் 62. எட்டு கம்பியில் சுமார் 46. நம்ம மின்சாரத்தோட 50 இதுக்கெல்லாம் பக்கத்து வீடு, அதோட மடங்குகளான 100ம் 150ம் பாட்டுக்கு நடுவுலயே உட்கார்ந்திருக்கு. இரைச்சலை வெட்டினா இசையும் சேர்ந்து வெட்டுப்படும். அதனால வெட்டக் கூடாது. இரைச்சலை மட்டும் அடையாளம் கண்டு கழிக்கணும். சேத் லவர் செய்தது அதைத்தான்.

1955: க கூட்டல் இ

கிப்சனில் அப்போது புழக்கத்தில் இருந்தது பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்கப். சத்தம் அருமை, இரைச்சலும் தாராளம். கிப்சனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டி இரைச்சல் இல்லாத பிக்கப் வேண்டும் என்று விரும்பினார். வேலை சேத்திடம் வந்தது.

சேத்துக்கு யோசனை ஆம்ப்பில் இருந்து வந்தது. ஆம்ப்பின் மின்மாற்றி பக்கத்தில் இருக்கும் சுருள்களில் இரைச்சல் ஏறாமல் இருக்க, இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை ரத்து செய்யும் வழி அவருக்கு ஏற்கெனவே பழக்கம். மைக், ஒலிபெருக்கித் துறையில் 1930களிலேயே இந்த உத்தி தெரிந்திருந்தது. ஆம்ப்பில் வேலை செய்கிற உத்தி பிக்கப்பில் ஏன் வேலை செய்யக் கூடாது? அந்தக் கேள்விதான் அவருடைய கண்டுபிடிப்பு.

கணக்கு ரொம்பச் சின்னது, நீங்களே போட்டுப் பாருங்க. கம்பியின் சத்தத்தை 'க' என்றும் இரைச்சலை 'இ' என்றும் வைத்துக்கொள்வோம். முதல் சுருளில் வருவது க + இ. பக்கத்தில் இன்னொரு சுருள் வைத்து, அதன் காந்த முனையை மட்டும் தலைகீழாகத் திருப்புங்கள். கம்பியின் சத்தம் காந்தத்தைப் பொறுத்தது, அதனால் அது −க ஆகும். இரைச்சல் வெளியில் இருந்து வருவது, உங்க காந்தத்தைப் பற்றி அதுக்குக் கவலை இல்லை. அதனால் இரண்டாவது சுருளில் வருவது −க + இ. இப்போது இந்தச் சுருளின் இணைப்பை மாற்றிப் போட்டால் க − இ. இரண்டையும் கூட்டுங்க. இரண்டு க. இரைச்சல் பூஜ்ஜியம்!

முள்ளை முள்ளால் எடுக்கணும்னு நம்ம பாட்டிங்க சொல்வாங்க. சேத் இரைச்சலை இரைச்சலாலேயே எடுத்தார். இந்த பிக்கப்புக்கு ஹம்பக்கர் என்று பெயர் வந்தது. 1955 ஜூன் 22ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1957ல் லெஸ் பால் கிட்டாரில் அது ஏறியது. காப்புரிமை கிடைத்ததோ 1959 ஜூலை 28ல்தான். ஏறக்குறைய அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும் கிரெட்ச் நிறுவனத்துக்காகத் தனியாக இதே வழியில் ஒரு பிக்கப் செய்திருந்தார். நல்ல கேள்வி காற்றில் இருந்தால் இரண்டு பேர் காதிலாவது விழும் போல.

மூடி, திருகு, ஸ்டிக்கர்

சேத்தின் பொறியாளர் புத்தி தெரிவது சின்ன விஷயங்களில். பிக்கப்புக்கு உலோக மூடி போட்டால் மின்புலத் தொல்லை குறையும். ஆனால் பித்தளை மாதிரி நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகத்தைப் போட்டால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சத்தத்தின் மேல் ஸ்வரங்கள் மங்கிப்போகும். துருப்பிடிக்காத எஃகில் சால்டரிங் பிடிக்காது. கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது ஜெர்மன் சில்வர். நம்ம வீட்டுப் பூஜை அறையில குங்குமச் சிமிழ் செய்ற அதே வகை உலோகம்தான்! செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை, பேரில் மட்டும்தான் வெள்ளி. மின்தடை அதிகம் என்பதால் சுழல் மின்னோட்டம் குறைவு, சால்டரும் பிடிக்கும்.

பிக்கப்பின் மேல் தெரியும் ஆறு திருகுகள்? ஒவ்வொரு கம்பிக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அவை உதவும் என்றாலும், சேத்தின் முதல் மாதிரியில் அவை இல்லை. வாடிக்கையாளரிடம் சொல்லி விற்க ஏதாவது வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்டதால் சேர்த்தார். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் எல்.ஈ.டி. ஒட்டின அனுபவம் இருக்கிறவங்களுக்கு இது புரியும்.

காப்புரிமை கிடைக்கும் முன் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது' என்ற ஆங்கில ஸ்டிக்கரை ஒட்டினார்கள். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்தக் கால பிக்கப்புகளை இன்றும் பி.ஏ.எஃப். என்கிறார்கள். காப்புரிமை எண் கிடைத்தபின் அச்சிட்ட ஸ்டிக்கரில் இருந்ததோ பிக்கப்பின் எண் அல்ல, லெஸ் பால் வடிவமைத்த ஒரு கிட்டார் பாகத்தின் எண். தவறா, போட்டியாளர்களைச் சுத்தல்ல விட வேண்டுமென்றே செய்ததா என்று இன்றும் விவாதம் நடக்கிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த பி.ஏ.எஃப். பிக்கப்புகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு சுருளுக்கு ஏறக்குறைய 5,000 சுற்று என்பது கணக்கு. ஆனால் சுற்றின எண்ணிக்கை ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறியது. காந்தமும் கையில் கிடைத்த தரம். அந்தத் தாறுமாறைத்தான் இன்றைக்கு மந்திரம் என்று சொல்லி ஒரு பிக்கப்பை ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்குகிறார்கள். காப்புரிமை கிப்சன் நிறுவனத்தின் பெயரில். சேத்துக்குக் கிடைத்தது சம்பளம்.

மெட்டலுக்கு வந்த வழி

1967ல், கூடுதல் சம்பளத்துக்கு, கிப்சனின் பரம எதிரியான ஃபெண்டருக்கே வேலைக்குப் போனார் சேத். அங்கே செம்பு, நிக்கல், இரும்பு கலந்த காந்தத்தையே திருகாகக் கடைந்து 'வைட் ரேஞ்ச்' என்ற இன்னொரு ஹம்பக்கரைச் செய்தார். 1970களின் டெலிகாஸ்டர் சிலவற்றில் அதைப் பார்க்கலாம். 1975ல் ஓய்வு பெற்றார்.

அவர் ஓய்வுக்குப் போகும் நேரத்தில் அவர் குழந்தை தறிகெட்டு வளர்ந்திருந்தது. அவர் கேட்டது இரைச்சல் இல்லாத, தெளிவான சத்தம். ஆனால் இரண்டு சுருள் தந்த கூடுதல் மின்னழுத்தம் ஆம்ப்பை எளிதாக உடைய வைத்தது. அந்த உடைசலைத்தான் ராக் கலைஞர்கள் காதலித்தார்கள். 1970களில் லாரி டிமார்சியோ பெரிய பீங்கான் காந்தம் வைத்து இன்னும் சூடான ஹம்பக்கர் செய்தார். எடி வான் ஹேலன் ஒரு கிப்சனில் இருந்து பி.ஏ.எஃப். பிக்கப்பைக் கழற்றி வேறு கிட்டாரில் மாட்டினார். சத்தம் கூடினால் பிக்கப்பின் சுருளே அதிர்ந்து கீச்சிடும், அதனால் அதை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தார். 1985ல் பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் மூவர் தொடங்கிய குழு பின்னாளில் ட்ரீம் தியேட்டர் ஆனது. அதன் ஜான் பெட்ரூச்சி கையில் இருந்ததும் டிமார்சியோ ஹம்பக்கர்கள். எல்லாம் அந்த 'இரண்டு க' கணக்கின் பேரப்பிள்ளைகள்.

சரி, எந்த பிக்கப் வாங்கறது?

இப்ப என் கதைக்கு வரேன். அப்பா சில்வர் ஓக் மரத்துல ஏறின மிளகைப் பறிச்சு வித்த காசுல ஒரு பங்கு எனக்குக் கிடைச்சது. நேரா போய், இருக்கிறதுலயே சத்தம் அதிகமான ஹம்பக்கரை வாங்கி மாட்டினேன். மெட்டல்னா சத்தம்தானே? 'ம்ம்ம்' பெரும்பாலும் போச்சு. ஆனா 'ஸ்ஸ்ர்ர்'னு ஒரு கரகரப்பு அப்படியே நின்னுச்சு. கம்பியைத் தொட்டா குறையும், கையை எடுத்தா ஏறும். அதோட, நாலு ஸ்வரம் சேர்ந்த கார்டு வாசிச்சா கூழ் மாதிரி குழைஞ்சுது.

சேத் மாதிரி யோசிச்சிருந்தா முதல்ல கேட்டிருக்க வேண்டிய கேள்வி: என் பிரச்சினை எது? வல்வில் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அஞ்சையும் துளைச்சதா எங்க மலையில சின்னக் குழந்தைகூடச் சொல்லும். ஒரே பிக்கப்பும் அப்படி அஞ்சு பிரச்சினையைத் துளைக்கும்னு நம்பினது என் தப்பு. அந்த அஞ்சையும் தனித்தனியா சொல்றேன்.

ஒன்று, 'ம்ம்ம்'. இதுக்கு மருந்து ஹம்பக்கர். ஆனா ஒரு சுருளை மட்டும் வாசிக்கிற ஸ்விட்சைப் போட்டா கணக்கில் க + இ மட்டும் மிஞ்சும், இரைச்சல் திரும்பி வரும்.

இரண்டு, கரகரப்பு. கம்பியைத் தொட்டா குறையுதுன்னா அது பெரும்பாலும் எர்த், கவச வேலை. எந்த பிக்கப்பும் இதைத் தீர்க்காது. எங்க வீட்டு ப்ளக் பாயின்ட்ல மூணாவது ஓட்டை அழகுக்கு மட்டும்தான் இருந்துச்சு. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் கொடுத்தார். பாதி கரகரப்பு அன்னிக்கே போச்சு. கிட்டார் உள்ளறையில செப்புத் தாள் ஒட்டினதுல மீதியும் போச்சு. எர்த் இல்லாத வீட்டுல ஆம்ப் ஓட்டினா உயிருக்கே ஆபத்து, அதனால இதை முதல்ல பாருங்க.

மூன்று, கூழ். சுற்று கூடினா சத்தம் கூடும், கூடவே சுருளின் தூண்டல் திறனும் கூடும். அப்போ அதன் ஒத்ததிர்வு கீழே இறங்கும், மேல் ஸ்வரங்கள் மங்கும். ஆம்ப்புகள் சோம்பேறியா இருந்த காலத்துல சூடான பிக்கப் தேவைப்பட்டது. இன்னிக்கு மென்பொருள் ஆம்ப்ல எவ்வளவு கெய்ன் வேணும்னாலும் இருக்கு. அதனால் தாழ்ந்த சுதியில் தெளிவு வேணும்னா நடுத்தர சத்தமுள்ள பிக்கப்பே போதும். பெட்டியில் போட்டிருக்கிற கிலோ ஓம் கணக்கைப் பார்த்து ஏமாறாதீங்க. அது கம்பியின் மின்தடை. மெல்லிய கம்பி சுத்தினாலே அது கூடிடும்.

நான்கு, சுத்தமான வாசிப்பு. ப்ராக்ரெசிவ் மெட்டல்ல பாதி நேரம் டிஸ்டார்ஷன் இல்லாம மெதுவான பகுதியும் வரும். பாலத்துப் பக்கம் இறுக்கமான பீங்கான் காந்தம், கழுத்துப் பக்கம் மென்மையான ஆல்னிகோ காந்தம் என்ற ஜோடி பலருக்கும் ஒத்துவரும். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்பும் உண்டு. சின்னச் சுருள், உள்ளேயே ஒரு முன்பெருக்கி. நீளமான கேபிள் போட்டாலும் சத்தம் மங்காது. 9 வோல்ட் பேட்டரி தீரும் நாளை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்.

ஐந்து, கீச்சு. சேத்தின் பழைய பி.ஏ.எஃப். மெழுகில் முக்காதது. பழைய பாணியை அப்படியே நகல் எடுத்த பிக்கப் வாங்கறீங்கன்னா, மெழுகு போட்டதான்னு கேட்டு வாங்குங்க.

கடைசியாக

ஓய்வுக்குப் பிறகு, சீமோர் டங்கன் என்ற பிக்கப் தயாரிப்பாளர் சேத்தைத் தேடிப் போனார். பழைய முறைப்படியே, ஜெர்மன் சில்வர் மூடியோடு ஒரு ஹம்பக்கரை அவரிடம் கேட்டுச் செய்து, 1990களில் சேத் லவர் என்ற பெயரிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது வருஷம் ஸ்டிக்கருக்குப் பின்னால் இருந்த மனிதரின் பெயர் ஒருவழியாகப் பெட்டி மேல் வந்தது. 1997 ஜனவரி 31ல், கலிஃபோர்னியாவில், 87 வயதில் சேத் லவர் காலமானார்.

இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனப்ப ராத்திரி ஆம்ப்பை ஆன் பண்ணேன். ரிஃப் வாசிச்சேன். உள்ளங்கையால கம்பியை அமுக்கி நிறுத்தினேன். எதுவும் கேக்கல. ஒரு நொடி கழிச்சு, ஜன்னலுக்கு வெளியே சில்வண்டு கேட்டுச்சு. அப்பா எட்டிப் பார்த்து, கரென்ட் போயிடுச்சான்னு கேட்டார்.

இல்லப்பா, இருக்கு.